திரும்பி வராத தலையணை உறைகள்

அப்பா துறவியானது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. முன்பு அல்ல, பிறகு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பசித்த வயிறு சுகத்தை எதிர்த்துப் பேசி நான் இதுவரை கேட்டதில்லை. வயிறு நிறைந்த பிறகுதான் சிலருக்கு அந்த ஞானம் வருகிறது.

கையைக் கழுவினார். தடிமனான பூந்துண்டில் நிதானமாகத் துடைத்தார். அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்தார். கிரீடத்தைக் கழற்றி வைக்கிற ராஜாவைப் போல.

"இன்னையிலேர்ந்து எல்லா சுகத்தையும் விடறேன்."

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"தலைவலி மாத்திரை?"

"அது சுகம் இல்ல. மருந்து."

"அப்ப அது அலமாரியிலயே இருக்கட்டும்."

அப்பாவைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அவர் படுக்கை விரிப்புகள் அச்சடிக்கும் ஆலையில் டிசைன் வரைகிறவர். ஆலையில் அவருக்குப் பூக்காரர் என்று பெயர். எத்தனையோ வீடுகளில் ஜனங்கள் அவருடைய பூக்களின் மேல்தான் தூங்கினார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், சமாதானம் ஆனார்கள். ஆனால் போன இரண்டு சீசனாக அவர் வரைந்தது எதுவும் தேறவில்லை. இந்த முறையும் தேறாவிட்டால் அவரைச் சாயக் கிடங்குக்கு மாற்றுவதாக மேனேஜர் மரியாதையாகச் சொல்லியிருந்தார். ஜன்னல் இல்லாத இடம். டப்பாவில் சாயப் பொடியை நிறுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே போனவர்கள் யாரும் வரைகிற மேசைக்குத் திரும்பியதில்லை. இதை அப்பா எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்துக் காலித் தம்ளரை எடுத்து இரண்டு முறை குடித்தார்.

ஆகவே அவருடைய துறவுக்குப் பின்னால் இருந்தது பயம். எனக்கு அது புரிந்தது. ஆனால் பயப்படுகிறவர் என்பதற்காகத் தப்பான வாதத்தை ஒப்புக்கொள்ள முடியுமா? நான் தத்துவம் படிக்கிறவள். பல்கலைக்கழகத்தில் நான் கற்ற முதல் பாடமே அதுதான்.

"மனசு மழுங்கிப் போச்சும்மா," என்றார் என்னிடம். "மெத்து மெத்துன்னு வாழ்ந்தா மெத்துன்னுதான் வரைய வரும். பெரிய கலைஞர்கள் எல்லாம் கஷ்டப்பட்டவங்க."

"கஷ்டப்படறவங்க தெரு முழுக்க இருக்காங்கப்பா. அவங்க எல்லாரும் கலைஞர் ஆகலையே?"

"அது வேற."

"எப்படி வேற?"

"நீ வாதாடறதுக்குன்னே படிக்கிற."

"நீங்க தோக்கறதுக்குன்னே பேசறீங்க."

அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. என்னங்க, எதை எதை விடறீங்கன்னு தெளிவாச் சொல்லிடுங்க. பின்னாடி தகராறு வரக் கூடாது."

அப்பா சொல்ல ஆரம்பித்தார். ஜன்னலோரம் இருக்கும் சாய்வு நாற்காலி. காலையில் சூடேற்றி வரும் வெந்நீர். எங்கள் வீட்டு ஹீட்டர் ஒரு ஆளுக்குத்தான் தண்ணீர் காய்ச்சும். மற்றவர்களுக்கு வெதுவெதுப்பு என்று ஒரு பேச்சு. அந்தப் பூந்துண்டு. மாலையில் கேட்கும் ரேடியோ. கூடையில் இருப்பதிலேயே நன்றாகப் பழுத்த பழம். அவருடைய இரட்டைத் தலையணை. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"அப்ப அதை நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா."

"இதையும்?"

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. எனக்கு எதுவும் வேணாம்." அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. தன் பெருந்தன்மை அவரையே உருக்கிவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அப்பாமேல் மட்டும் இல்லை. ஒன்றைத் துறக்க வேண்டுமானால் முதலில் அது கையில் இருக்க வேண்டும். அவர் அடுக்க அடுக்கத்தான் எனக்கு உறைத்தது: இத்தனையும் இதுவரை ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது. அம்மா இன்றைக்குத் துறவியாக நினைத்தாலும் முடியாது. விடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக அப்பா எழுந்துபோய்த் தன் வண்ணப் பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல தூரிகைகளையும்.

"இதுவுமா?" அம்மாவே கொஞ்சம் திகைத்தாள்.

"நிறம்தான் பெரிய போதை. இனிமே எனக்குப் பென்சில் போதும்."

படுக்கை விரிப்புக்கு டிசைன் வரைகிறவர் நிறத்தைத் துறக்கிறார். சமையல்காரர் உப்பைத் துறந்தாலாவது உடம்புக்கு நல்லது என்று சமாளிக்கலாம். நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கி, புடவை முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

அன்று மாலையே அப்பா சாமான் அறைக்குக் குடிபெயர்ந்தார். பழைய மின்விசிறி, உடைந்த இஸ்திரிப் பெட்டி, காலி டப்பாக்கள், நடுவில் அப்பா. சுவரைப் பார்த்து ஒரு முக்காலி. தரையில் ஒரு போர்வை.

அம்மா ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மதியம்வரை ஊரார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கேட்பதுதான் அவள் தொழில். வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போவாள். என் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவள் போகவில்லை. கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள், ஓரமாக, யாரோ வந்து எழுப்பப்போகிறார்கள் என்பது போல. யாரும் வரவில்லை. மெல்லச் சாய்ந்தாள்.

"அம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லடி. இந்த நாற்காலிக்கு இவ்வளவு காத்து வருதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

நான் ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

நாட்கள் போகப்போக அவள் தேறினாள். காலையில் குளியலறையிலிருந்து முணுமுணுப்பாகப் பாட்டு வந்தது. வெந்நீர் முதுகில் இறங்கும் நேரத்தை அவள் குறைத்துக்கொள்ளவில்லை. ஈரக் கூந்தலைப் பூந்துண்டில் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு கூடத்தைக் கடந்து, தரையில் பதிந்த தன் கால்தடம் காய்வதைத் திரும்பி நின்று பார்த்தாள். ரேடியோவை வைத்துக்கொண்டு ஆரஞ்சை உரித்தாள், அவசரமே இல்லாமல். தோல் அறாமல் ஒரே சுருளாக வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு பந்தயம், தன்னோடு தானே. தோலை வளைக்கும்போது தெறிக்கும் சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடுவாள். சாறு முழங்கைவரை வழியும். துடைக்க மாட்டாள். என் அம்மாவுக்கு ஒரு முகம் இருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அதுவரை நான் பார்த்தது அவள் செய்த வேலைகளை.

ஒரு மாலை நான் திரும்பியபோது நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை. அதன்மேல் தாள். வண்ணப் பெட்டி திறந்திருந்தது.

ஒரு ஆரஞ்சுத் தோல். தாள் முழுக்க அது ஒன்றுதான். வளைந்து, உள்பக்கத்து வெள்ளையைக் காட்டி, மறுபடி புரண்டு, வலது ஓரத்தில் வெளியேறுகிறது. இடது ஓரத்தில் அதே உயரத்தில் உள்ளே வருகிறது. துணியில் அடித்தால் கட்டில் முழுக்க ஒரே தோல், அறாமல் ஓடும். அங்கங்கே பொடிப் புள்ளிகளாகச் சாரல். அந்த நிறம் கத்தவில்லை. பழுத்திருந்தது.

"நீயா வரைஞ்ச?"

"பின்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

"எப்போ கத்துக்கிட்ட?"

"இத்தனை வருஷமா ஓரம் சேருதான்னு தாளை யார் பிடிச்சா? இந்தச் சிவப்பு கத்துது, அந்தப் பச்சை செத்துப்போச்சுன்னு யார் சொன்னா? கை மட்டும்தான் சும்மா இருந்துச்சு."

நான் கொதித்தேன். "அம்மா, இதை நீ கொடுக்கணும். உன் பேரைக் கொட்டை எழுத்துல போட்டுக் கொடுக்கணும். இது உரிமைப் பிரச்சினை."

"பேரைப் போட்டா பூக்காரர் பொண்டாட்டிக்காக வரைஞ்சு கொடுத்தார்ம்பாங்க. பேர் அவருக்குப் போகும். பாராட்டும் அவருக்கே போகும். எண் போதும்."

அவள் சொன்னது ஆலையின் வழக்கத்தை. அங்கே டிசைன் தாளில் பெயர் எழுத வேண்டியதில்லை. பின்பக்கம் ஒரு எண்; அதே எண் போட்ட தகர வில்லை ஒன்று, வரைந்தவர் கையில். ஆலைக் குடும்பத்தில் யாரும் தரலாம் என்பது விதி. ஓவியர்களைத் தவிர யாரும் தந்ததில்லை என்பது நடைமுறை.

"சரி, அப்பா?" என்றேன். இதுதான் உண்மையில் நான் கேட்க நினைத்த கேள்வி. "நீ ஜெயிச்சா அவர் தோப்பார். கிடங்குக்குத்தான் போகணும்."

அம்மா தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். நீர் ஆரஞ்சாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் என்ன வரையறார்னு போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நான் கொடுக்கலேன்னா மட்டும் அது ஜெயிச்சிடுமா?"

எந்த வாதத்திலும் என்னை இவ்வளவு சின்னக் கேள்வியால் யாரும் மடக்கியதில்லை.

அப்பா வரைந்திருந்தது கோடு. சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, சம இடைவெளியில், மேலிருந்து கீழே. அதற்கு 'மௌனம்' என்று பெயர் வைத்திருந்தார். கீழ்வீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் அதே ஆலையில் தையல் பிரிவுக்குத் தலைவி. அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை அண்ணி என்பார், யாரிடமும் பொய் சொல்ல மாட்டார்.

"என்ன தோணுது?" என்றார் அப்பா.

"ஜன்னல் கம்பி தோணுது அண்ணே."

"நல்லாப் பாரு. ஆழமாப் பாரு."

"ஆழமாப் பார்த்தா ஜெயில் கம்பி தோணுது."

"இதுல ஆசையே இல்ல. அதைக் கவனிச்சியா?"

"பெட்ஷீட்ல ஆசை இல்லேன்னா எப்படிண்ணே? அப்புறம் எதுல இருக்கும்?"

அப்பா பெருமூச்சு விட்டார். புரியாத உலகத்தை மன்னிக்கிற பெருமூச்சு. மறுநாள் தன் தாளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். எண் ஆறு. அம்மாவின் தாள் கீழ்வீட்டு அத்தையின் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போனது. எண் பதினேழு.

அந்த ஆலை டிசைன்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வந்த டிசைன்களைத் தலையணை உறையில் அடிப்பார்கள். குலுக்கிப் போட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு வாரம் அதில் படுத்துத் தூங்க வேண்டும். பிறகு துவைத்துத் திருப்பித் தர வேண்டும். எது அதிகமாகத் திரும்பி வரவில்லையோ அதுதான் தேர்வு. "கருத்து கேட்டா எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்வாங்க," என்பார் மேனேஜர். "உறையைத் திருப்பிக் கேளுங்க. அப்ப தெரியும்." தொலைந்துவிட்டது, கிழிந்துவிட்டது, காற்றில் பறந்துவிட்டது என்று ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிற அந்தக் கூச்சம்தான் அங்கே முதல் பரிசு.

எங்கள் வீட்டுக்கு வந்தது பதினேழு.

அப்பா அதைப் பிரித்து உதறினார். கூடம் சட்டென்று பழ வாசனை அடித்த மாதிரி இருந்தது. அம்மா அவசரமாக ரேடியோவின் குமிழைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"யார்றா இவன்?" என்றார் அப்பா. "கூச்சமே இல்லாம வரைஞ்சிருக்கான்."

"நல்லா இல்லையாங்க?" அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"நல்லா இருக்கு. அதான் பிரச்சினை. ரொம்ப ஆடம்பரம். அனுபவிச்சு வாழறவன் போல. பொறுப்பு இருக்காது."

"இருக்கும். வீட்டுல யாராச்சும் சமைச்சுப் போடுவாங்க."

"அதே! அதேதான்!" என்றார் அப்பா. பிறகு, "எனக்குத் தலையணை கிடையாது. ஆனா தொழில் முறையில நான் இதைப் பரிசீலிக்கணும்," என்று உறையை மடித்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனார்.

அடுத்த விடுமுறை நாள் மதியம் மின்விசிறியை எடுக்க அந்த அறைக் கதவைத் திறந்தேன். அப்பா தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். உறைக்குள் தன் பழைய பனியன்களை எல்லாம் திணித்துத் தலையணை ஆக்கியிருந்தார். கன்னம் அந்தத் தோலின் வளைவில் அழுந்திக் கிடந்தது. ஒரு கை அதைச் சுற்றி வளைத்திருந்தது. கண்ணோரம் ஈரம். வாரக்கணக்காக இறுகிக் கிடந்த தாடை விட்டுப்போயிருந்தது. அவருக்கு எதிரே இருந்த சுவர் வெறும் சாம்பல். இந்த மனிதரோடு இவ்வளவு நாள் வாதாடி நான் ஜெயித்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். மின்விசிறி எடுக்கவில்லை. அன்று முழுக்க வேர்த்தேன்.

திருப்பித் தரும் நாளில் ஆலை முற்றத்தில் குடும்பத்தோடு கூட்டம். வாசலில் மேசை போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்தது.

"சார், உங்க வீட்டுக்கு வந்த உறை?"

அப்பா தரையைப் பார்த்தார். "துவைச்சுக் காயப் போட்டோம். காத்துல போயிடுச்சு."

"காத்து அடிச்சுச்சா சார்?"

"எங்க தெருவுல மட்டும்."

சாயம் போன முகத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அம்மா எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்தார்கள். ஆறாம் எண் உறைகள் எல்லாமே திரும்பி வந்திருந்தன, அழகாக மடித்து இஸ்திரி போட்டு. ஒன்றே ஒன்று மட்டும் குறைந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தனுக்காவது புரிஞ்சிருக்கு பாரு," என்றார். அந்த நேரம் கேட்டருகே ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மன்னிச்சுக்குங்க சார், வண்டியிலயே மறந்து வச்சுட்டேன்," என்று ஆறாம் எண்ணை நீட்டினார்.

அப்பா என் கையை விட்டுவிட்டார்.

"பதினேழு," என்றார் மேனேஜர். "ஒண்ணுகூடத் திரும்பி வரல. நான் இங்க வந்ததுலேர்ந்து இப்படிப் பார்த்ததில்ல. வில்லை வச்சிருக்கறவங்க முன்னாடி வாங்க."

முற்றம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்பா என் காதருகே குனிந்தார். "அந்த ஆள் யாருன்னு பார்க்கணும். அவர்கிட்ட உட்கார்ந்து கொஞ்சம் கத்துக்கணும். கிடங்குக்குப் போறதுக்கு முன்னாடி." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கதையில் அப்பா சொன்ன ஒரே பெரிய வார்த்தை அதுதான்.

அம்மா முன்னே நடந்தாள்.

"ஏய், எங்க போற?" அப்பா பதறினார். "கூப்பிட்டது வரைஞ்சவங்களை!"

"தெரியுங்க," என்றாள் அம்மா. கைப்பையைத் திறந்து வில்லையை மேசைமேல் வைத்தாள்.

மேனேஜர் வில்லையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "நீங்களா? எப்படிங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல சார். அவர் ஒவ்வொண்ணா விட்டார். நான் எடுத்துக்கிட்டேன்."

நான் பாய்ந்து முன்னே போனேன். அம்மாவின் உரிமை, சுகத்தின் பங்கீடு, வரலாறு என்று ஒரு உரையே தயாரித்து வைத்திருந்தேன். "சார், இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா..."

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா. "சார், ஒரு விஷயம். என் ஆரஞ்சுத் தோல் ஓரத்துல ஒரு இடத்துல லேசா விலகுது. எனக்கே தெரியுது, ஆனா சரி பண்ணத் தெரியல."

அப்போது அப்பா மெல்ல நடந்து வந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார். கூட்டம் மூச்சை அடக்கியது. பனியனுக்குள்ளிருந்து, நெஞ்சோடு ஒட்டி மடித்து வைத்திருந்த பதினேழாம் எண் உறையை உருவி மேசைமேல் விரித்தார்.

"காத்து நின்னுடுச்சா சார்?" என்றார் மேனேஜர்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த இடம்தான். கன்னத்தை வச்சுப் படுத்துக்கிட்டு, இவ்வளவு கிட்ட இருந்து பார்த்தாத்தான் தெரியும். இதை இப்படி உள்வாங்கி விட்டா ஓடிடும்." அங்கே பென்சிலால் ஒரு வளைவு போட்டிருந்தார். ஒரே வளைவுதான். ஆனால் அதில் சாம்பல் இல்லை. அது மூச்சு விட்டது. அம்மா குனிந்து வெகு நேரம் பார்த்தாள். விரல் நுனியால் அந்தக் கோட்டின் மேல் போய் வந்தாள். பிறகு அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும்.

"இவரைக் கிடங்குக்கு அனுப்பினா எனக்கு யார் ஓரம் சேர்ப்பாங்க?" என்றாள் மேனேஜரிடம்.

மேனேஜர் யோசித்தார். "சரி. சார் மேசை சாருக்கே இருக்கட்டும். ஓரம் அவர் பொறுப்பு. மேடம், அடுத்த சீசனுக்கும் நீங்கதான்."

முற்றம் கை தட்டியது. அப்பா நிமிர்ந்தார். அவருடைய தோளில் பழைய கம்பீரம் திரும்புவதை நான் கண்ணால் பார்த்தேன். தொண்டையைச் செருமினார். ஒரு முடிவை அறிவிக்கும் முகம் வந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கறேன். இனிமே எந்த சுகத்தையும் நான் விடறதா இல்ல!"

மேனேஜர் பதறி எழுந்து நின்றார். "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க சார்! நீங்க விட்டாத்தானே அவங்க வரைவாங்க?"